குழந்தைப்பேறு சிகிச்சையும் கருப்பைப் பாதையின் நுண்ணுயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) ஒன்றிரண்டு முறை கைகூடாமல் போன தம்பதிகளிடம் இப்போதெல்லாம் கருத்தரிப்பு மையங்களில் இன்னொரு பரிசோதனையின் பெயரும் சொல்லப்படுகிறது: கருப்பை நுண்ணுயிர்ப் பரிசோதனை. “உள்ளே நல்ல பாக்டீரியா குறைவாக இருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த கருவை வைக்கலாம்” என்று சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? இந்த விஷயத்தில் நல்ல அறிவியலும் இருக்கிறது, அவசரப்பட்டு விற்கப்படும் சரக்கும் இருக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கேள்வி பதில். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசியே எடுங்கள்.

பிறப்புறுப்பில் பாக்டீரியா இருந்தாலே நோய்தானே?

இல்லை. அங்கே பாக்டீரியா இருப்பதுதான் இயல்பு. ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892இலேயே, ஆரோக்கியமான பெண்களின் யோனியில் குச்சி வடிவ பாக்டீரியா நிறைந்திருப்பதையும் அவை அமிலம் உண்டாக்குவதையும் எழுதிவைத்தார். இன்று அவற்றை லாக்டோபேசில்லஸ் என்கிறோம்.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கிறது. செல்கள் உதிரும்போது அது வெளியே வருகிறது. நொதிகள் அதைச் சிறு சர்க்கரைகளாக உடைக்க, லாக்டோபேசில்லஸ் அதைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அரைத்துவைத்த இட்லி மாவு ராத்திரியில் புளிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். இந்தப் புளிப்பினால் யோனியின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.8 முதல் 4.5 வரை இருக்கிறது. நோய்க்கிருமிகள் பலவும் அதில் தாக்குப்பிடிப்பதில்லை. பூப்படைவதற்கு முன்பும் மாதவிடாய் நின்ற பின்பும் ஈஸ்ட்ரோஜன் குறைவு என்பதால் அந்த வயதுகளில் இந்த அமிலத்தன்மையும் குறைவு.

மாதவிடாய் நாட்களில் ரத்தம் அமிலத்தைத் தணிக்கும், லாக்டோபேசில்லஸும் கொஞ்சம் குறையும். அப்புறம் தானாகவே திரும்பிவிடும். ஆகவே இது நாளுக்கு நாள் மாறும் சங்கதி. பின்னால் பரிசோதனை பற்றிப் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா லாக்டோபேசில்லஸும் ஒன்றுதானா?

இல்லை, இனத்துக்கு இனம் குணம் வேறு. 2011இல் ஜாக் ரவேல் குழுவினர் வட அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாத 396 பெண்களின் மாதிரிகளை மரபணு முறையில் ஆராய்ந்தார்கள். பெண்களை ஐந்து வகையாகப் பிரிக்க முடிந்தது. நான்கு வகைகளில் ஏதோ ஒரு லாக்டோபேசில்லஸ் இனம் கோலோச்சியது: கிறிஸ்பேட்டஸ், கேசெரி, ஐனெர்ஸ், ஜென்செனி. மீதி ஒரு வகையில் லாக்டோபேசில்லஸ் குறைவு. கார்ட்னெரெல்லா, பிரீவோட்டெல்லா போன்ற காற்று வேண்டாத பாக்டீரியாக்கள் கலந்து இருந்தன.

இந்த நால்வரில் நல்ல பெயர் எடுத்தது கிறிஸ்பேட்டஸ். அது இருக்கும் இடம் நிலையாக இருக்கும். ஐனெர்ஸ் இரண்டுங்கெட்டான். சிறிய மரபணுத் தொகுதி உடையது, டி வகை லாக்டிக் அமிலம் தயாரிக்கத் தெரியாதது, நல்ல காலத்திலும் இருக்கும், கெட்ட காலத்திலும் இருக்கும். “லாக்டோபேசில்லஸ் 95 சதவீதம்” என்று ஒரு ரிப்போர்ட் சொன்னால், அதில் எந்த இனம் என்று கேட்பது நியாயமான கேள்வி.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. லாக்டோபேசில்லஸ் மேலோங்கியிருந்தவர்கள் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம், ஆசிய வம்சாவளியினரில் 80, கறுப்பின, ஹிஸ்பானியப் பெண்களில் 60 சதவீதம் அளவுதான். எல்லாருமே தொந்தரவு இல்லாதவர்கள். அப்படியென்றால் ‘இயல்பு’ என்பதற்கு ஒரே அளவுகோல் வைப்பதில் சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் ஆசியப் பெண்களின் எண்ணை எடுத்து திருநெல்வேலிப் பெண்ணுக்குப் பொருத்துவதும் அத்தனை சரியில்லை.

எனக்கு வெள்ளைப்படுதல் இருக்கிறது. அதனால்தான் கரு தங்கவில்லையா?

வெள்ளைப்படுதல் என்ற ஒரே சொல்லில் நாம் நான்கைந்து விஷயங்களைப் போட்டு அடைத்துவிடுகிறோம். சினைமுட்டை வெளிவரும் சமயத்தில் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நீண்டு வருவது முழுக்க இயல்பானது. கருத்தரிக்க முயல்பவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டியதே அதுதான். வாடையில்லாத, அரிப்பில்லாத வெண்ணிறக் கசிவும் இயல்புதான். “உடம்புச் சூடு, அதனால்தான் படுகிறது, அதனால்தான் நிற்கவில்லை” என்று வீட்டில் சொல்வார்கள். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தயிர் திரிந்த மாதிரி கட்டியாக, கடும் அரிப்போடு வந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணியாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன்வாடையோடு, குறிப்பாக உறவுக்குப் பிறகு வாடை கூடினால், பாக்டீரியல் வஜைனோசிஸ். இதைச் சுருக்கமாக பிவி என்பார்கள். குழந்தைப்பேறு சிகிச்சை தொடர்பாக அதிகம் ஆராயப்பட்டது இந்த பிவிதான். அதில் பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

பிவி கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். 1983இல் வந்த ஆம்செல் முறையில் நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தால் போதும்: நீர்த்த கசிவு, 4.5க்கு மேல் பிஎச், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டியதும் எழும் மீன்வாடை, நுண்ணோக்கியில் பாக்டீரியா அப்பிய செல்கள். 1991இன் நியூஜென்ட் முறையில் கண்ணாடிச் சில்லில் சாயமேற்றிப் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். 7 அல்லது அதற்கு மேல் என்றால் பிவி.

இனி கேள்விக்கு வருவோம். குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறும் பெண்களிடம், குறிப்பாகக் கருக்குழாய் அடைப்பு உள்ளவர்களிடம், பிவி கூடுதலாகக் காணப்படுகிறது. பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த அலசல் ஒன்றில், பிவி இருந்தவர்களுக்கு ஐவிஎஃபில் கருத்தரிப்பு வீதம் குறையவில்லை. மிக ஆரம்பத்திலேயே கரு கலைவதுதான் கூடியிருந்தது. பிவி இருந்தால் சிகிச்சை எடுங்கள். எல்லாத் தோல்விக்கும் அதன் மேல் பழி போட வேண்டாம்.

கருப்பைக்குள்ளும் பாக்டீரியா வாழ்கிறதா? அது கிருமியில்லாத இடம் என்று படித்திருக்கிறேனே?

நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 58 பெண்களின் கருப்பையை 2015இல் அமெரிக்காவில் மரபணு முறையில் பார்த்தபோது, 95 சதவீதத்தினரிடம் ஏதாவது ஒரு பாக்டீரியாவின் தடயம் இருந்தது. 2017இல் சீனாவில் 110 பெண்களிடம் யோனி தொடங்கி வயிற்றறை வரை படிப்படியாக மாதிரி எடுத்தார்கள். மேலே போகப் போக லாக்டோபேசில்லஸின் பங்கு குறைந்து, மற்றவற்றின் பங்கு கூடியது.

அளவு மட்டும் மிக மிகக் குறைவு. யோனியில் இருப்பதில் நூற்றில் ஒன்று முதல் பத்தாயிரத்தில் ஒன்று வரைதான். இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. கருப்பைக்குள் மாதிரி எடுக்கும் மெல்லிய குழாய் யோனியையும் கருப்பைவாயையும் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியா எது, உள்ளே இருந்தது எது என்று பிரிப்பது கடினம். பரிசோதனைக்கூடத்தில் பயன்படும் ரசாயனங்களிலேயே பாக்டீரியாவின் டிஎன்ஏ துணுக்குகள் இருக்கும். மாதிரியில் சரக்கு குறைவாக இருந்தால் அந்தத் துணுக்குகளே பெரிதாகத் தெரியும். நஞ்சுக்கொடிக்கு என்றே தனி நுண்ணுயிர்க் கூட்டம் உண்டு என்று 2014இல் பரபரப்பாகப் பேசப்பட்டது. 2019இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கவனமாகத் திரும்பிப் பார்த்தபோது பெரும்பகுதி இப்படி ஒட்டிக்கொண்டதும் ரசாயனத்திலிருந்து வந்ததும்தான் என்று தெரிந்தது. கருப்பை விஷயம் அந்த அளவுக்குக் கலையவில்லை. இருந்தாலும், அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் கூட்டம் ஒன்று உண்டா, அல்லது கீழிருந்து வந்து போகிறவையா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

ஐவிஎஃப் வெற்றிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இந்தத் துறையை ஓட வைத்தது 2016இல் ஸ்பெயினிலிருந்து இன்மகுலாடா மொரேனோ குழு வெளியிட்ட ஆய்வு. கருப்பைத் திரவத்தில் லாக்டோபேசில்லஸ் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில் 58.8 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. அதற்குக் கீழே இருந்தவர்களில் 6.7 சதவீதத்தினருக்குத்தான். கேட்டதும் தூக்கிவாரிப்போடும் வித்தியாசம். ஆனால் சதவீதத்தை ஆட்களாக மாற்றிப் பாருங்கள்: முதல் குழுவில் 17 பேரில் 10 பேர், இரண்டாவதில் 15 பேரில் ஒருவர். 90 என்ற அந்த எல்லைக்கோடும் இதே சிறிய கூட்டத்தை வைத்துப் போடப்பட்டதுதான். இன்றைக்கும் பல ரிப்போர்ட்டுகளில் அந்த 90தான் உட்கார்ந்திருக்கிறது.

அதே 2016இல் டென்மார்க்கின் தோர் ஹார் குழு யோனி மாதிரியை மட்டும் பார்த்தது. மொத்தத்தில் 35 சதவீதத்தினர் கர்ப்பமானார்கள். நுண்ணுயிர்ச் சமநிலை கெட்டிருந்த 22 பேரில் இருவர்தான். நெதர்லாந்தில் 2019இல் 192 பெண்களிடம் நடந்த ஆய்வில், சாதகமற்ற கூட்டம் கொண்டவர்கள் என்று கணிக்கப்பட்ட 34 பேரில் 32 பேருக்குக் கரு தங்கவில்லை. அதே ஆய்வில் ஒரு வேடிக்கை: கிறிஸ்பேட்டஸ் 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தவர்களுக்கும் வெற்றி குறைந்திருந்தது. ‘அதிகம் என்றால் அதிக நல்லது’ என்ற கணக்கு அங்கேயே உதைத்தது. 2022இல் மொரேனோ குழு பல நாடுகளில் 342 பெண்களைப் பார்த்தது. குழந்தை பிறந்தவர்களிடம் லாக்டோபேசில்லஸ் கூடுதல், கைகூடாதவர்களிடம் கார்ட்னெரெல்லா, கிளெப்சியெல்லா, ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்றவை கூடுதல் என்றது. போக்கு பழையபடிதான், ஆனால் 2016இன் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி இல்லை.

ஆக, தொடர்பு இருக்கிறது. பல நாடுகளில், பல குழுக்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை மறுப்பதில் அர்த்தமில்லை.

சரி, அப்படியென்றால் மருந்து கொடுத்து பாக்டீரியாவைச் சரிசெய்தால் கரு தங்குமா?

பணம் கட்டுகிறவருக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். இதற்குப் பதில் தேட வேண்டிய முறையும் ஒன்றுதான்: சமநிலை கெட்டிருக்கும் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு உண்மையான மருந்தும் சிலருக்குப் போலி மருந்தும் கொடுத்து, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் காத்திருந்து பார்ப்பது.

அதைச் செய்தவர்கள் தோர் ஹார் குழுவினரே. தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பைத் தாங்களே சோதனைக்கு வைத்தார்கள், அதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். 1,533 பெண்களைப் பரிசோதித்து, யோனி நுண்ணுயிர்ச் சமநிலை கெட்டிருந்த 338 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு ஒரு வாரம் கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, அதன் பிறகு யோனியில் வைக்க உயிருள்ள கிறிஸ்பேட்டஸ். இரண்டாவது குழுவுக்குக் கிளிண்டமைசினும் போலி பாக்டீரியாவும். மூன்றாவது குழுவுக்கு இரண்டுமே போலி. முடிவு 2025இல் வெளிவந்தது. கர்ப்பம் உறுதியானது முதல் குழுவில் 42 சதவீதம், இரண்டாவதில் 46, எதுவுமே பெறாதவர்களில் 45. மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லலாம்.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். மருந்தே எடுக்காத, சமநிலை கெட்ட பெண்களில் 45 சதவீதத்தினர் கர்ப்பமானார்கள். 2016இல் இதே வகைப் பெண்கள் 22 பேரில் இருவர்தான் கர்ப்பமானார்கள் என்று பயந்தோம். சின்ன ஆய்வுகளின் எண்களை அப்படியே மனதில் பதித்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மகப்பேறு மருத்துவத்தில் இது முதல் முறையும் இல்லை. பிவி உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவம் கூடுதல் என்பது பல காலமாகத் தெரியும். பிரான்ஸில் குறைமாத ஆபத்து குறைவான 2,869 கர்ப்பிணிகளுக்குக் கிளிண்டமைசின் அல்லது போலி மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. பிரசவம் தள்ளிப்போகவில்லை. ஒன்று இன்னொன்றோடு சேர்ந்து காணப்படுகிறது என்பதாலேயே, முதலாவதை மாற்றினால் இரண்டாவதும் மாறிவிடாது.

ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பல ஊகங்கள். கெட்ட கூட்டம் காரணமாக இல்லாமல், வேறு ஏதோ ஒன்றின் அடையாளமாக மட்டும் இருக்கலாம்: பழைய தொற்று, புகைப்பழக்கம், கருக்குழாய்ச் சேதம், உடலின் அழற்சி. அல்லது மருந்து கூட்டத்தைப் போதிய அளவு மாற்றாமல் விட்டிருக்கலாம். யோனியில் எடுத்த அளவீடு கருப்பைக்குப் பொருந்தாமலும் போகலாம். எனக்கு முதல் ஊகம்தான் அதிகம் பொருத்தமாகப் படுகிறது.

மையத்தில் எம்மா, ஆலிஸ் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

எம்மா, ஆலிஸ் இரண்டும் கருப்பை உட்படலத்திலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து மரபணு முறையில் பாக்டீரியாவைப் பார்க்கும் வணிகப் பரிசோதனைகள். எம்மா மொத்தக் கூட்டத்தைச் சொல்லும். ஆலிஸ் நாள்பட்ட அழற்சியோடு தொடர்புடைய சில கிருமிகளைத் தேடும். சில மையங்களில், கரு வைக்க ஏற்ற நாளைச் சொல்லும் ஈரா பரிசோதனையோடு சேர்த்து ஒரே தொகுப்பாகவும் விற்பார்கள். ஈராவைப் பயன்படுத்தி நாள் குறித்தவர்களுக்குக் குழந்தை பிறக்கும் வீதம் கூடவில்லை என்று 2022இல் அமெரிக்காவில் 767 பேரிடம் நடந்த குலுக்கல் ஆய்வு காட்டிவிட்டது. அப்படியும் தொகுப்பு விற்கத்தான் செய்கிறது.

என் கருத்து இது. முதல் ஐவிஎஃப் சுழற்சிக்கு முன்பு இந்தப் பரிசோதனைக்குக் காரணமே இல்லை. பலமுறை தோற்றவர்களுக்கும், ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நுண்ணுயிர்ப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை. அதே பணத்தில் உறைநிலையில் உள்ள இன்னொரு கருவை வைத்துப் பார்க்கும் செலவில் ஒரு பகுதியாவது தேறும். வயது 38, 40 என்று போய்க்கொண்டிருப்பவர்களுக்கு, பரிசோதனை, மருந்து, மறுபரிசோதனை என்று கழியும் மாதங்கள் பணத்தைவிடப் பெரிய விலை.

அப்படியும் எடுப்பதாக முடிவு செய்தால் மருத்துவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். ரிப்போர்ட் எப்படி வந்தால் என் சிகிச்சை மாறும்? அந்த மாற்றத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடியதாக ஆய்வு உண்டா? மோசமாக வந்தால் கருவை வைப்பதைத் தள்ளிப்போடுவீர்களா, எத்தனை மாதம்? சுழற்சியின் எந்த நாளில் எடுப்பீர்கள்? முதல் கேள்விக்கே தெளிவான பதில் வரவில்லை என்றால் மற்றதைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாள்பட்ட எண்டோமெட்ரைட்டிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. அது கருப்பை உட்படலத்தில் அமைதியாக நீடிக்கும் அழற்சி. பெரும்பாலும் வலி இருக்காது. சிலருக்கு இடையிடையே ரத்தக்கசிவு இருக்கலாம். உட்படலத் துணுக்கில் சிடி138 என்ற புரதத்துக்குச் சாயமேற்றி, அழற்சியைக் காட்டும் பிளாஸ்மா செல்களை எண்ணிக் கண்டுபிடிக்கிறார்கள். எத்தனை செல் இருந்தால் நோய் என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கணக்கு வேறுபடுகிறது.

பலமுறை கரு தங்காதவர்களுக்கு இதைப் பார்ப்பது நியாயமானதுதான் என்று எஷ்ரேவும் சொல்கிறது. சிகிச்சை வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இருமுறை, 14 நாள். மலிவான மருந்து. முடிந்தபின் மறுபடி துணுக்கு எடுத்து அழற்சி போய்விட்டதா என்று பார்ப்பார்கள். குணமானவர்களுக்கு வெற்றி கூடியதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் குலுக்கல் முறையில் நடந்தவை அல்ல.

நம் ஊரில் கருப்பை டிபி என்கிறார்களே?

நுண்ணுயிர் என்று பேசும்போது இந்தியாவில் இதைத் தாண்டிப் போகவே முடியாது. நல்ல பாக்டீரியா எத்தனை சதவீதம் என்ற ஆராய்ச்சிக்கு முன்னால், காசநோய்க் கிருமி கருக்குழாயைக் கெடுத்திருக்கிறதா என்று பார்ப்பது இங்கே பல மடங்கு முக்கியம். நுரையீரலிலிருந்து ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்கு வந்து, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, குழாயை அடைத்துவிடும். கருப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொண்டு மாதவிடாயே குறைந்துபோவதும் உண்டு. இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே நடக்கும்.

கண்டுபிடிப்பது சுலபமில்லை. உட்படலத் துணுக்கில் கிருமி குறைவு என்பதால் இருந்தும் தெரியாமல் போகலாம். கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால், உயிருள்ள கிருமியா பழைய டிஎன்ஏவா என்ற சந்தேகம் இருக்கும். அதனால் பிசிஆர் ஒன்றை மட்டும் வைத்து மருந்து தொடங்காமல், திசுப் பரிசோதனை, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை, லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றுக்குள் கேமரா விட்டு) கண்ணால் கண்டது எல்லாவற்றையும் சேர்த்து முடிவு எடுக்க வேண்டும். நோய் உறுதியானால் ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனைகளில் இலவசம். பாதியில் நிறுத்தக் கூடாது.

கிளமிடியா?

பாலுறவு வழியாக வரும் கிருமி, பெரும்பாலும் அறிகுறி காட்டாது, கருக்குழாயைச் சேதப்படுத்தும். சிகிச்சை எளிது, கணவன் மனைவி இருவரும் எடுக்க வேண்டும். கிருமி போனாலும் தழும்பு போகாது. குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து ஐவிஎஃப் வெற்றியை ஏறக்குறைய பாதியாக்கும். கருவை வைப்பதற்கு முன் அந்தக் குழாயை எடுப்பதோ அடைப்பதோ பலன் தருகிறது என்பது குலுக்கல் ஆய்வுகளில் நிரூபணமானது. பாக்டீரியா சதவீதத்தைத் துரத்துவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

பிவிக்கு மருந்து எடுத்தேன், இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. ஏன்?

உங்கள் தவறில்லை. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை ஒரு வாரம் எடுத்தால் பெரும்பாலோருக்குச் சரியாகும், ஆனால் ஒரு வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. பாக்டீரியாக்கள் யோனிச் சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு காரணம்; மருந்து மேல் அடுக்கை மட்டும் தொடும்.

இன்னொரு காரணம் வீட்டிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒருவருக்கொருவர் மட்டுமே துணையாக இருந்த 164 ஜோடிகளிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்த குழுவில் 12 வாரத்துக்குள் 63 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது. கணவருக்கும் ஒரு வாரம் மெட்ரோனிடசோல் மாத்திரையும் ஆணுறுப்பில் தடவ கிளிண்டமைசின் களிம்பும் கொடுத்த குழுவில் 35 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருடமாகப் பெண்ணை மட்டும் குற்றம் சொல்லி, அவளுக்கே திரும்பத் திரும்ப மாத்திரை எழுதிக்கொண்டிருந்தோம். அடுத்த முறை கணவரையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

தயிர் சாப்பிட்டால், புரோபயாடிக் மாத்திரை எடுத்தால் சரியாகுமா?

தயிர் நல்ல உணவு, சாப்பிடுங்கள். அதில் இருப்பவை பாலில் வளரும் பாக்டீரியாக்கள். யோனியில் வாழும் கிறிஸ்பேட்டஸ் அதில் கிடையாது. யோனியில் தயிர் தடவுவது, பூண்டு வைப்பது போன்றவற்றைச் செய்யாதீர்கள். எரிச்சலும் புதுத் தொற்றும்தான் மிஞ்சும்.

கிறிஸ்பேட்டஸ் பாக்டீரியாவையே மருந்தாக்கி யோனியில் வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. 228 பெண்கள். மெட்ரோனிடசோலுக்குப் பிறகு இதை வைத்தவர்களில் 30 சதவீதத்தினருக்கும், போலி மருந்து வைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கும் 12 வாரத்தில் பிவி திரும்பியது. பிவியைத் தடுப்பதில் பலன் உண்டு. மேலே சொன்ன டென்மார்க் ஆய்வில் கொடுத்ததும் இதே வகைதான், அங்கே கர்ப்பம் கூடவில்லை. மருந்துக்கடையில் ‘பெண்களுக்கான புரோபயாடிக்’ என்று விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது வேறு இனங்கள். எடுத்தால் பெரிய கெடுதல் இல்லை, பணம்தான் போகும்.

வாஷ் போட்டுக் கழுவலாமா?

வெளிப்புறத்தைத் தண்ணீரில் கழுவினால் போதும். உள்ளே பீய்ச்சிக் கழுவ வேண்டாம். அப்படிக் கழுவுபவர்களுக்கு பிவி கூடுதல். மாதவிடாய்க்குத் துணி பயன்படுத்துவதில் தவறில்லை, சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். வெட்கப்பட்டு வேறு துணிக்கு அடியில் இருட்டில் காயவைப்பதுதான் பிரச்சினை.

கணவரின் விந்திலும் பாக்டீரியா உண்டா?

உண்டு, அதுவும் இயல்புதான். ஒரு மில்லிலிட்டரில் 10 லட்சத்துக்கு மேல் வெள்ளணுக்கள் இருந்தாலோ, வலி, எரிச்சல் இருந்தாலோ மருத்துவர் மேலே பார்ப்பார். அறிகுறி ஏதுமில்லாமல் கல்ச்சரில் ஏதோ வளர்ந்தது என்பதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுக்கத் தேவையில்லை. ஐவிஎஃபில் விந்தைக் கழுவித்தான் எடுக்கிறார்கள். கரு வளரும் திரவத்தில் பொதுவாக ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கலந்தே இருக்கும்.

எண்டோமெட்ரியோசிஸுக்கும் பாக்டீரியாதான் காரணம் என்று செய்தி பார்த்தேன்.

2023இல் ஜப்பானின் நகோயாவிலிருந்து வந்த ஆய்வு அது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உள்ளவர்களில் 64 சதவீதத்தினரின் கருப்பை உட்படலத்தில் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருந்தது, இல்லாதவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும் கட்டிகள் குறைந்தன. ஆர்வமூட்டும் செய்தி. எலியிலிருந்து மனிதருக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. செய்தியைப் பார்த்து நீங்களாக மருந்து வாங்க வேண்டாம்.

கருவை வைப்பதற்கு முன்னால் எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்களே?

சில மையங்களில் பழக்கம். 2006இல் லண்டனில் 350 பேரிடம் இதைச் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குக் கருவை வைத்த மெல்லிய குழாயின் நுனியில் கிருமி குறைந்தது, கர்ப்ப வீதம் இரு குழுவிலும் ஒன்றேதான். முட்டை எடுக்கும் அன்று கொடுப்பது வேறு. ஊசி யோனிச் சுவரைத் துளைத்துப் போகிறது என்பதால் தொற்றைத் தடுக்கக் கொடுப்பார்கள். அதில் தயங்க வேண்டாம்.

கருவை வைத்த பிறகு யோனியில் ப்ரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மருந்து வைத்துக்கொள்கிறேன். வெள்ளையாக வடிந்துகொண்டே இருக்கிறது. தொற்றா?

பெரும்பாலும் இல்லை. மருந்தைத் தாங்கியிருக்கும் மெழுகோ எண்ணெயோ உருகி வெளியே வருகிறது. மருந்து உள்ளே உறிஞ்சப்பட்டிருக்கும், வடிவதைப் பார்த்து இன்னொன்று வைக்க வேண்டாம், உள்ளே கழுவவும் வேண்டாம். மெல்லிய பேட் வைத்துக்கொள்ளலாம். மீன்வாடை, கடும் அரிப்பு, பச்சை நிறம் என்றால் மையத்துக்குச் சொல்லுங்கள்; கர்ப்பத்தில் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. முட்டை எடுத்த அல்லது கரு வைத்த சில நாட்களுக்குள் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்து வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.